பெரிய இரையில் சிக்குவது யார்?

உங்கள் வீட்டில் யாராவது தூண்டில் போடுகிறார்களா? அவர்களின் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளங்கையைவிட நீளமான ஒரு செயற்கை மீன் அதில் இருக்கலாம். சிறு இறாலையும் தின்னும் சியாக்காப்பைப் பிடிக்க இவ்வளவு பெரிய இரை எதற்கு?

சியாக்காப்பைத் தமிழ்நாட்டில் கொடுவா என்பார்கள், ஆஸ்திரேலியாவில் பாரமண்டி. இது மறைந்திருந்து தாக்கும் மீன். இரை அருகில் வந்ததும் வாயைச் சட்டென்று அகலத் திறக்கும். அப்போது வாய்க்குள் அழுத்தம் குறையும். நீர் உள்ளே பாயும். இரையும் அதோடு சேர்ந்து போய்விடும். சியாக்காப் இரையைக் கடித்துத் துண்டாக்குவதில்லை, முழுதாக விழுங்குகிறது. ஆகவே, வாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய இரைதான் அதற்குள் போகும். சிறிய சியாக்காப் பெரிய இரையை விட்டுவிடும். பெரிய சியாக்காப்புக்கோ, பத்து முறை பாய்ந்து பத்துக் குஞ்சுகளைப் பிடிப்பதைவிட ஒரே பாய்ச்சலில் ஒரு பெரிய மீனைப் பிடிப்பது லாபம். செலவாகும் ஆற்றல் குறைவு. கிடைக்கும் ஆற்றல் அதிகம்.

கலங்கிய ஆற்றுநீரில் இரை இருப்பது அதற்கு எப்படித் தெரிகிறது? மீனின் உடலின் இரு பக்கங்களிலும் பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பு உண்டு. அருகில் நீர் அசைவதை அது உணரும். பெரிய இரை நீரை அதிகமாக அசைக்கும்.

கரையில் நிற்பவர் எங்கே வீச வேண்டும்? கடல்நீர் வற்றும்போது, சதுப்புநிலக் காட்டின் சிறு ஓடைகளிலிருந்து குட்டி மீன்களும் இறால்களும் வெளியே வரும். அந்த ஓடை வாயிலும், பாறை, விழுந்த மரம், பாலத்தூண் ஆகியவற்றின் மறைவிலும் சியாக்காப் காத்திருக்கும். நீரோட்டத்தின் மேல்பக்கம் வீசி, இரை அந்த மறைவைக் கடந்து செல்லுமாறு மெதுவாக இழுங்கள். இடையிடையே நிறுத்துங்கள். நின்ற இரை, களைத்த மீனைப் போலத் தோன்றும்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். பெரும்பாலான சியாக்காப் மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. சில ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய 80 முதல் 100 சென்டிமீட்டர் வரை வளரும்போது, அவை பெண்ணாக மாறுகின்றன. ஆகவே, பெரிய இரையில் சிக்கும் பெரிய மீன் பெரும்பாலும் ஒரு தாய் மீன். ஒரு பெரிய பெண் மீன் மில்லியன் கணக்கில் முட்டையிடும். அதைக் குழம்பில் போட்டால், இழப்பு ஒரு மீன் மட்டும் அல்ல.

இதனால்தான் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் இரண்டு எல்லைகளை வகுத்துள்ளது. அங்குள்ள ஆறுகளிலும் கடலிலும் பிடிபடும் பாரமண்டி 58 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலும், 120 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் நீரிலேயே விட்டுவிட வேண்டும்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். தூண்டில் முள்ளின் முனையில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முள் எளிதில் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். தாடையைப் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றையும் தாங்குங்கள். படம் எடுக்க வேண்டுமானால், உங்களால் மூச்சை அடக்க முடிகிற நேரத்துக்குள் எடுத்துவிட்டு மீனை நீரில் விடுங்கள்.

அனுமதியுள்ள இடத்தில், பெரியவர் துணையோடு மட்டும் தூண்டில் போடுங்கள். சதுப்புநிலக் கரைகளில் முதலைகளும் இருக்கலாம்.