தீ அணைந்த பிறகும் தங்கும் நஞ்சு

2013 டிசம்பரில் தென் சுவீடனின் ரோன்னெபி நகராட்சி தன் இரண்டு குடிநீர் நிலையங்களில் ஒன்றை அவசர அவசரமாக மூடியது. கல்லிங்கே என்ற ஊருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் தண்ணீர் கொடுத்துவந்த பிரான்டாஃபோர்ஸ் நிலையம் அது. அங்கிருந்து வந்த தண்ணீரில் பிஎஃப்ஓஎஸ் என்ற வேதிப்பொருள் மட்டுமே லிட்டருக்குச் சுமார் 8,000 நானோகிராம் இருந்தது. குடிநீரில் இதற்கு அமெரிக்கா 2024இல் வகுத்த உச்ச வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அதைப் போல இரண்டாயிரம் மடங்கு நஞ்சு கலந்த தண்ணீரை ஏறத்தாழ 5,000 பேர் ஆண்டுக்கணக்கில் குடித்திருந்தார்கள். நிறம் மாறவில்லை, வாடை இல்லை, சுவையிலும் வேறுபாடு தெரியவில்லை.

நஞ்சு வந்த வழியைத் தேடியபோது அது பக்கத்திலிருந்த ராணுவ விமானத் தளத்தில் போய் முடிந்தது. விமானம் தீப்பிடித்தால் அணைப்பதற்கான பயிற்சியில் 1980களிலிருந்து அங்கே தெளித்துவந்த நுரை மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரோடு கலந்து, வீட்டுக் குழாய்வரை வந்து சேர்ந்திருந்தது. உயிரைக் காக்கத் தெளித்த நுரை அது. அதை மாற்றும் வேலைதான் இப்போது உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது.

நுரைக்குள் என்ன இருக்கிறது?

எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றினால் பயனில்லை. தண்ணீர் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் அதன்மேல் மிதந்தபடி எரியும், பரவவும் செய்யும். இதற்குத் தீர்வாக 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் சேர்ந்து ஒரு புதிய நுரையை உருவாக்கின. தீயணைப்புத் துறையினர் 'ஏ டிரிபிள் எஃப்' என்று சொல்லும் நுரை இதுதான். இதன் கரைசல் எரிபொருளின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவி, ஆவியை அடக்கி, காற்றைத் தடுத்து, நொடிகளில் தீயை அமர்த்திவிடும்.

1967 ஜூலை 29 அன்று வியட்நாம் அருகே டோங்கின் வளைகுடாவில் யுஎஸ்எஸ் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தீப்பிடித்து 134 பேர் இறந்தார்கள். அந்தப் பேரிழப்புக்குப் பிறகு இந்த நுரை கடற்படைக் கப்பல்கள் எங்கும் வேகமாகப் பரவியது. பின்னர் விமான நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், துறைமுகங்கள், கடைசியில் சுவரில் மாட்டும் 6 லிட்டர், 9 லிட்டர் சிலிண்டர்கள்வரை வந்தது. அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதை மறுக்க முடியாது.

அதன் வலிமைக்குக் காரணம் பிஃபாஸ் எனப்படும் ஃப்ளோரின் சேர்மங்கள். பிஎஃப்ஓஎஸ் அவற்றில் ஒன்று. கரிம வேதியியலில் மிக உறுதியான ஒற்றைப் பிணைப்பு, கார்பனுக்கும் ஃப்ளோரினுக்கும் இடையில் அமைவது. கொதிக்கும் எரிபொருளுக்கு முன்னாலும் அது அறுபடாது என்பதால்தான் நுரை நின்று வேலை செய்கிறது. வெயில், மழை, மண்ணின் நுண்ணுயிர்கள் எதுவும் அதை அறுக்க முடியாததும் அதே காரணத்தால்தான். 'அழியா வேதிப்பொருள்கள்' என்று இவற்றை அறிவியலாளர்கள் அழைப்பது மிகையில்லை.

உடலுக்குள் நடப்பது

பிஃபாஸ் சேர்மங்களில் பல, ரத்தத்திலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. சிறுநீரகம் அவற்றை வடிகட்டினாலும் பெரும்பகுதி மீண்டும் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்படுகிறது. நல்ல தண்ணீருக்கு மாறிய ரோன்னெபி மக்களின் ரத்தத்தை ஆய்வாளர்கள் தொடர்ந்து சோதித்தார்கள். பிஎஃப்ஓஎஸ் பாதியாகக் குறைய சராசரியாக 3.4 ஆண்டுகள் ஆயின. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ பாதியாக 2.7 ஆண்டுகள்; பிஎஃப்ஹெச்எக்ஸ்எஸ் பாதியாக 5.3 ஆண்டுகள்.

இவ்வளவு காலம் தங்குவது உடலை என்ன செய்கிறது? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து பிஎஃப்ஓஏ கலந்த குடிநீரைக் குடித்த சுமார் 69,000 பேரிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அங்கே காரணம் நுரை இல்லை. ஆனால் நுரைகளிலும் காணப்படும் அதே வகைப் பொருள்தான். உயர் கொழுப்பு, தைராய்டு கோளாறு, பெருங்குடல் புண் நோய், கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகப் புற்றுநோய், விந்தகப் புற்றுநோய் ஆகிய ஆறுக்கும் அதனோடு தொடர்பு இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு அறிவியல் குழு வந்தது. 2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் வெளியிட்ட அறிக்கை, குழந்தைகளின் உடலில் தடுப்பூசிக்குப் பிறகு உருவாகும் எதிர்ப்புப் புரதம் குறைவதற்கும், கருவிலும் பிறந்தபின்னும் குழந்தையின் வளர்ச்சி குறைவதற்கும் போதிய சான்று இருப்பதாகச் சொன்னது.

2023 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பிஎஃப்ஓஎஸ், 'உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வந்தது.

தாயின் உடலிலிருந்து கருவுக்கும், தாய்ப்பாலின் வழியே குழந்தைக்கும் இவை போகின்றன. இதைக் கேட்டுப் பதறித் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலின் நன்மைகள் இந்த ஆபத்தைவிடப் பெரியவை என்பதே மருத்துவ அமைப்புகளின் பொதுவான நிலை. நிறுத்த வேண்டியது தண்ணீருக்குள் நஞ்சு போவதைத்தான்.

கல்லிங்கே மக்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2023 டிசம்பரில் சுவீடன் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. நோய் வெளிப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரத்தத்தில் இந்த அளவுக்குப் பிஃபாஸ் ஏறியிருப்பதே உடலுக்கு நேர்ந்த பாதிப்புதான் என்றது அந்தத் தீர்ப்பு.

முதலில் பாதிக்கப்படுவது யார்?

நுரையோடு நேரடியாகப் புழங்குபவர்கள் தீயணைப்பு வீரர்கள். பயிற்சியில் நனைவதும், டிரம்மிலிருந்து கரைசலை ஊற்றும்போது கையில் படுவதும், வண்டியைக் கழுவுவதும் அவர்களுக்கு அன்றாட வேலை. அவர்கள் அணியும் பாதுகாப்பு உடைகள் பலவற்றின் துணியிலும் பிஃபாஸ் பூச்சு உண்டு. தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் பணியாக உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்தியது. புகை, கல்நார் எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு.

ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்பு வீரர்களிடம் ஓராண்டு நடந்த சோதனை நம்பிக்கை தருகிறது. ஒரு குழுவினர் 12 வாரங்களுக்கு ஒருமுறை ரத்த தானமும், இன்னொரு குழுவினர் 6 வாரங்களுக்கு ஒருமுறை பிளாஸ்மா தானமும் செய்தார்கள். மூன்றாம் குழு எதுவும் செய்யவில்லை. தானம் செய்த இரு குழுவினரின் ரத்தத்திலும் பிஎஃப்ஓஎஸ் குறைந்தது. பிளாஸ்மா கொடுத்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. 2022இல் வெளியான இந்த ஆய்வு, நச்சு உடலைவிட்டு வெளியேற வழி உண்டு என்று காட்டியது. நோய் வராமல் தடுக்க அது உதவுமா என்பது வேறு கேள்வி. மருத்துவர் ஆலோசனை இல்லாமல் எவரும் இதைத் தாமாகச் செய்துகொள்ளக் கூடாது.

எட்டிலிருந்து ஆறுக்கு

2000ஆம் ஆண்டு மே மாதம் 3எம் நிறுவனம் பிஎஃப்ஓஎஸ் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் நுரைத் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் எட்டுக் கார்பன் கொண்ட சங்கிலியிலிருந்து ஆறு கார்பன் சங்கிலிக்கு மாறினார்கள், அவ்வளவுதான். சங்கிலி சிறியது என்பதால் உடலைவிட்டுச் சற்று விரைவாக வெளியேறும். ஆனால் மண்ணிலும் நீரிலும் அதுவும் அழியாது. தண்ணீரில் இன்னும் எளிதாக நகரும். கரி வடிகட்டியில் பிடிப்பதும் கடினம். கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இந்த ஆறு கார்பன் வகைக்கும் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று.

அழியாது தங்கும் நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் ஒவ்வொன்றாகவே பிடித்தது. 2009இல் பிஎஃப்ஓஎஸ், 2019இல் பிஎஃப்ஓஏ, 2022இல் பிஎஃப்ஹெச்எக்ஸ்எஸ். ஆயிரக்கணக்கான சேர்மங்கள் கொண்ட ஒரு குடும்பத்தை இந்த வேகத்தில் ஒவ்வொன்றாகத் தடுத்து முடிக்க எத்தனை தலைமுறை ஆகும்? அதனால்தான் இப்போதைய சட்டங்கள் முழுக் குடும்பத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தப் பார்க்கின்றன. அதுவே சரியான வழி.

ஃப்ளோரின் இல்லாமல் அணைக்க முடியுமா?

முடியும். ஃப்ளோரின் இல்லாத நுரைகளில் சோப்பு வகை நுரைப்பான்களும், சர்க்கரைச் சேர்மங்களும், சாந்தன் கோந்து போன்ற கெட்டிப்பான்களும் இருக்கின்றன. இவை எரிபொருள்மேல் படலம் விரிப்பதில்லை. நீரைப் பிடித்துவைத்திருக்கும் கெட்டியான குமிழிகளை, ஒரு கனத்த கம்பளிபோல, தீயின்மேல் போர்த்துகின்றன. ஆஸ்திரேலிய விமான நிலையங்களின் தீயணைப்புப் பிரிவு 2010இலேயே இவற்றுக்கு மாறத் தொடங்கியது. லண்டன் ஹீத்ரோ, நார்வேயின் விமான நிலையங்கள் ஆகியவையும் பத்தாண்டுக்கும் மேலாக இவற்றையே பயன்படுத்துகின்றன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். படலம் இல்லாததால் நுரையை எரிபொருளுக்குள் பாய்ச்சாமல், மேற்பரப்பில் மென்மையாக விழச்செய்ய வேண்டும். பெட்ரோல் போல எளிதில் ஆவியாகும் எரிபொருளுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். சில கரைசல்கள் கெட்டியாக இருப்பதால் பழைய பம்புக்கும் முனைக்கும் பொருந்தாமல் போகலாம். நுரைக்கு நுரை திறன் வேறுபடுவதால் ஒன்றுக்குக் கிடைத்த சோதனை முடிவை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது. இவற்றையும் குளத்திலோ ஓடையிலோ விடக் கூடாது. மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைக் கொல்லும். ஆனால் அந்தக் கேடு சில நாளிலோ வாரங்களிலோ தீரும். பிஃபாஸ் கேடு தலைமுறைகள் தாண்டியும் இருக்கும்.

அமெரிக்க ராணுவம் 2023 ஜனவரியில் ஃப்ளோரின் இல்லாத நுரைக்கென்றே தனித் தரநிலையை வெளியிட்டது. ஏ டிரிபிள் எஃப் நுரை பிறந்த நாட்டிலேயே, அதைப் பிறப்பித்த படையே அதைக் கைவிடத் தொடங்கியிருக்கிறது.

சிலிண்டருக்கும் கெடு

ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் தீயணைப்பு நுரைகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 470 டன் பிஃபாஸ் சுற்றுச்சூழலில் கலப்பதாக அதன் வேதிப்பொருள் முகமை மதிப்பிட்டது. அதன் அடிப்படையில் 2025 அக்டோபரில் ஒன்றியம் புதிய விதியை நிறைவேற்றியது. பிஃபாஸ் நுரை கொண்ட கையடக்கத் தீயணைப்பான்களை 2026 அக்டோபர் முதல் விற்பனைக்குக் கொண்டுவர முடியாது; ஆல்கஹால் தீக்கான வகைகளுக்கு மட்டும் சிறிது கூடுதல் அவகாசம் உண்டு. ஏற்கெனவே மாட்டியிருப்பவற்றை 2030 இறுதிவரை வைத்துக்கொள்ளலாம். பெரும் ஆபத்துள்ள ரசாயன ஆலைகளுக்கும் ராணுவத்துக்கும் பத்தாண்டு அவகாசம்.

கழுவாத குழாயில் புதிய நுரை

பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றினால் மாற்றம் முடிந்துவிடாது. பிஃபாஸ், தொட்டியின் சுவரிலும் குழாயின் உட்புறத்திலும் படலமாக ஒட்டியிருக்கும். நன்றாகக் கழுவாத வண்டியில் ஊற்றிய தூய நுரையிலும் அது மெல்ல மெல்லக் கலக்கும். கழுவிய தண்ணீரையும் கழிவாகவே சேகரிக்க வேண்டும்.

பழைய நுரை கிடங்கில் கிடப்பதும் ஆபத்துதான். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் மெயின் மாநிலம் பிரன்சுவிக்கில், முன்பு கடற்படைத் தளமாக இருந்த விமான நிலையத்தின் கொட்டகையில் நுரை அமைப்பு தானாகவே இயங்கிவிட்டது. தீ எதுவும் இல்லை. ஆனாலும் சுமார் 1,450 கேலன் நுரைக் கரைசல் தண்ணீரோடு கலந்து வெளியே பெருகியது. சுற்றியிருந்த குளங்களும் ஓடைகளும் மாசடைந்தன.

வாசகர் கவனத்துக்கு

வீட்டிலும் காரிலும் சிறு கடையிலும் பெரும்பாலும் இருப்பது 'ஏபிசி' என்று எழுதிய உலர்தூள் சிலிண்டர். அதன் முக்கியப் பொருள் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அது பிஃபாஸ் அல்ல. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரிலும் பிஃபாஸ் கிடையாது. 'ஃபோம்' என்றோ 'ஏஎஃப்எஃப்எஃப்' (ஏ டிரிபிள் எஃப்) என்றோ எழுதியிருப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தீப்பிடித்த நேரத்தில் இந்த ஆராய்ச்சி வேண்டாம். கைக்கு எட்டுவது அந்த வகைத் தீக்கு ஏற்ற சிலிண்டர் என்றால், நுரையாக இருந்தாலும் தயங்காமல் எடுத்து அணைக்க வேண்டும். சமையல் எண்ணெய் தீப்பிடித்தால் மட்டும் தண்ணீரையோ சாதாரண நுரையையோ அடிக்கக் கூடாது. அடுப்பை அணைத்து, வாணலியை மூடியால் மூடிவிட வேண்டும்.

பள்ளி, ஆலை, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தீத்தடுப்புப் பயிற்சி நடக்கும்போது பழைய நுரை சிலிண்டரைத் திறந்து காட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். பயிற்சிக்குத் தண்ணீர் சிலிண்டரோ, பயிற்சிக்கென்றே விற்கும் பிஃபாஸ் இல்லாத நுரையோ போதும். தெளித்தவர்கள் கையை நன்றாகக் கழுவி, நனைந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

தண்ணீரில் பிஃபாஸ் இருந்தால் கொதிக்கவைப்பதால் பயனில்லை. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்ஓ வடிகட்டியும், உரிய காலத்தில் மாற்றப்படும் கரி வடிகட்டியும் அதைக் குறைக்கும்.

சிலிண்டரை ரீஃபில் செய்ய வருபவரிடம் இனி மூன்று கேள்விகள் கேளுங்கள். உள்ளே இருப்பது ஃப்ளோரின் இல்லாத நுரையா? அதற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா? வெளியே எடுக்கும் பழைய நுரையை எங்கே கொண்டுபோகிறீர்கள்? "சாக்கடையில்தான்" என்று பதில் வந்தால், அந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.