ஒரு குடும்பம், இரண்டு கடிகாரங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வாசுதேவநல்லூர். தென்காசியிலிருந்து இராசபாளையம் செல்லும் பேருந்தில் ஏறினால், புளியங்குடியைத் தாண்டியதும் இவ்வூர் வந்துவிடும். ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் அர்த்தநாரீசுவரருக்கு இங்கே கோயில் உண்டு. கணவர் கடல் கடந்து வேலை பார்க்க, மனைவி ஊரில் இருந்து குடும்பத்தை நடத்தும் வீடுகளும் இவ்வட்டாரத்தில் உண்டு.

அப்படி ஒரு கணவன் மனைவியை எண்ணிக்கொள்வோம். மனைவி வாசுதேவநல்லூரில், கணவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில். இருவருக்கும் இடையே, பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய வழியாக அளந்தாலும், ஏறத்தாழ 13,700 கி.மீ. தொலைவு. இருவர் கையிலும் செல்பேசி இருக்கிறது. நினைத்தபோது முகம் பார்த்துப் பேசலாம். அப்படியிருந்தும் ‘பேசவே நேரம் கிடைப்பதில்லை’ என்று இருவரும் குறைப்படுகிறார்கள். இது ஏன்? தொலைவுதான் காரணமா? வேறு ஏதேனும் உண்டா? விஞ்ஞானம் இதற்கு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

கடிதம் போன காலம்

முதலில் ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்வோம். கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரல் 14 அன்று இலண்டன் சேர்ந்தார். 28 நாள் பயணம்! மனைவி ஜானகி ஊரிலேயே தங்கினார். அந்நாளில் ஒரு கடிதம் போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், பதில் வர ஒரு மாதத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். பதில் வரும்போது உடம்பின் நிலையே மாறியிருக்கும்! போதாக்குறைக்கு, ஜானகி எழுதிய கடிதங்கள் வீட்டிலேயே தடுக்கப்பட்டுக் கணவரைச் சேராமற் போயின என்று ராமானுஜனின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ராமானுஜன் 1919-இல் நோயுடன் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்தார். ஜானகி 1994 வரை வாழ்ந்தார்.

அக்காலத்தில் தந்தி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 1870-லேயே பம்பாயும் இலண்டனும் கடலடித் தந்திக் கம்பியால் இணைக்கப்பட்டுவிட்டன. ஆனால் தந்திக்குச் சொல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். பிறப்பு, இறப்பு, பணம் என்ற மூன்றுக்கும் தந்தி போதும். இன்று என்ன குழம்பு, மழை பெய்ததா, பிள்ளை சாப்பிட்டானா என்பவற்றைத் தந்தியில் யார் சொல்வார்? குடும்பம் என்பதோ இந்தச் சின்னச் சின்னச் செய்திகளால் ஆனது அல்லவா?

குரல் எப்படிப் போகிறது?

இன்று அந்தச் சின்னச் செய்திகள் எப்படிக் கடல் தாண்டுகின்றன? மனைவி பேசும்போது காற்றில் எழும் அதிர்வைச் செல்பேசியின் ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகிறது. அம்மின்னலையின் உயரம் வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளக்கப்படுகிறது. சாதாரணத் தொலைபேசிக் குரலுக்கு இது வினாடிக்கு 8,000 முறை. ஒவ்வோர் அளவும் ஓர் எண். அந்த எண்கள் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. அவை கோபுரம் வரை வானொலி அலையாகச் செல்லும். பிறகு தலைமயிரைப் போல மெல்லிய கண்ணாடி இழைகளுக்குள் ஒளித்துடிப்புகளாக ஓடும்.

இந்த இழைகளைக் கொண்ட வடங்கள் கடலின் அடியில் கிடக்கின்றன. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இப்படி ஒரு வடம் இயங்கத் தொடங்கியது. 2005-இல் வேறொரு வடம் முடிந்தது. சிங்கப்பூரில் தொடங்கி, சென்னை, மும்பை வழியாகப் பிரான்சின் மார்செய் நகர் வரை அதன் நீளம் ஏறத்தாழ 18,800 கி.மீ. ‘செயற்கைக்கோள் வழியாகத்தானே பேசுகிறோம்?’ என்று பலர் நினைக்கிறார்கள். கண்டங்களுக்கு இடையே செல்லும் செய்திகளில் மிகப் பெரும்பகுதி கடலடி வடங்களின் வழியாகவே போகிறது.

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்கு 3 இலட்சம் கி.மீ. கண்ணாடிக்குள் அது ஏறத்தாழ 2 இலட்சமாகக் குறையும். வடம் வளைந்து செல்வதால் நியூ ஜெர்சிக்குப் பாதை 20,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20,000-ஐ 2 இலட்சத்தால் வகுங்கள். வருவது 0.1 வினாடி. ஒரு முறை கண் இமைப்பதற்குள் குரல் போய்ச் சேர்ந்துவிடும்! நிலநடுக்கோட்டின் மேல் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகச் சென்றால், ஏறி இறங்கவே கால் வினாடி ஆகும்.

அரை வினாடி செய்யும் குறும்பு

பத்தில் ஒரு வினாடியை யார் பொருட்படுத்தப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பத்து மொழிகளில் மக்கள் உரையாடும் முறையை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையே உள்ள சராசரி இடைவெளி ஐந்தில் ஒரு வினாடிதான் என்று அது காட்டியது. அவ்வளவு விரைவாகப் பதிலை எதிர்பார்த்துப் பழகியவர்கள் நாம்.

தொலைபேசியில் ஒளியின் பயணம் மட்டுமா நேரம் பிடிக்கிறது? குரலை எண்ணாக்கவும், பொட்டலம் கட்டவும், வழியில் உள்ள கருவிகள் பிரித்து அனுப்பவும், பிந்தி வரும் பொட்டலத்துக்காகக் காத்திருக்கவும் நேரம் ஆகும். போக, வர எல்லாம் சேர்ந்து அரை வினாடியை எட்டிவிடுவதுண்டு. மனைவி கேட்கிறார்: ‘என்னங்க, அடுத்த மாதம் வந்துவிடுவீர்களா?’ கணவர் உடனே ‘வருகிறேன்’ என்கிறார். ஆனால் அச்சொல் அரை வினாடி பிந்தி வருகிறது. மனைவியின் காதில் அது எப்படி விழும்? ‘யோசித்துவிட்டுச் சொல்கிறாரே!’ என்றுதான் விழும்.

இது வெறும் கற்பனையன்று. இத்தகைய தாமதத்தை வேண்டுமென்றே உண்டாக்கி ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. தாமதம் கூடக் கூட, மறுமுனையில் இருப்பவர் கவனமில்லாதவர் என்று மக்கள் மதிப்பிட்டார்கள். குற்றம் கம்பியுடையது, பழியோ மனிதருக்கு! இதை அறிந்த தம்பதிகள் வீண் மனத்தாங்கலைத் தவிர்க்கலாம். ஒருவர் முழுவதும் பேசி முடித்தபின், ஒரு மூச்சு விட்டு மற்றவர் பேசினால் போதும்.

கடக்க முடியாத தொலைவு

ஆக, 13,700 கி.மீ. தொலைவு ஏறக்குறைய வெல்லப்பட்டுவிட்டது. வெல்லப்படாதது ஒன்று உண்டு. அது பூமியின் சுழற்சி.

பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். வாசுதேவநல்லூர் கிழக்குத் தீர்க்கரேகை 77.4 பாகையில் உள்ளது. நியூ ஜெர்சியின் நடுப்பகுதி மேற்குத் தீர்க்கரேகை 74.5 பாகை. இரண்டையும் கூட்டி நான்கால் பெருக்குங்கள். ஏறத்தாழ 10 மணி 8 நிமிடம் வரும். சூரியக் கணக்குப்படி இருவருக்கும் உள்ள இடைவெளி இதுதான்.

ஆனால் கடிகாரங்கள் 10 மணி 30 நிமிடம் காட்டுகின்றனவே! மீதி 22 நிமிடம் எங்கிருந்து வந்தது? இந்தியாவின் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி 1906 முதல் வழங்குகிறது. வாசுதேவநல்லூர் அதற்கு மேற்கே 5.1 பாகை தள்ளி இருக்கிறது. ஆகவே நம் கடிகாரம் நம் சூரியனைவிட 20 நிமிடம் முந்தி ஓடுகிறது. அமெரிக்கக் கீழைக்கரை நேரம் 75 பாகையை ஒட்டியது. எனவே நியூ ஜெர்சியின் கடிகாரம் தன் சூரியனைவிட 2 நிமிடம் பிந்தியது. கணக்குச் சரியாகிவிட்டதல்லவா? இன்னொன்று: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பார்கள். அப்போது இடைவெளி 9½ மணியாகக் குறையும்.

இங்கே தொலைவைவிடத் திசையே முக்கியம் என்பதைக் கவனியுங்கள். ஆப்பிரிக்காவின் நைரோபியும் ஐரோப்பாவின் மாஸ்கோவும் ஒன்றுக்கொன்று பல ஆயிரம் கி.மீ. தள்ளியவை. ஆயினும் இரண்டு ஊர்களின் கடிகாரமும் நம்மைவிட 2½ மணிதான் பிந்தியது. கணவர் அங்கே இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் ஓய்வாகப் பேசலாம். வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் போனாலும் நண்பகல் ஒன்றாகவே இருக்கும். கிழக்கு மேற்காகப் போனால்தான் நண்பகல் பிரியும்.

ஒருவர் ஓய்வு, மற்றவர் அவசரம்

இப்போது குளிர்கால நாள் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். மனைவி காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை விழித்திருக்கிறார். கணவர் விழித்திருப்பது அவ்வூர் நேரம் காலை 6 முதல் இரவு 10 வரை. நம் நேரத்தில் இது மாலை 4.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. இருவரும் ஒருசேர விழித்திருப்பது 9 மணி நேரம். குறைவில்லையே என்று தோன்றும்.

அந்த ஒன்பது மணி எப்படிப்பட்டது என்று பாருங்கள். காலை 5 முதல் 8.30 வரை மனைவிக்கு அடுப்படி வேலை, தண்ணீர் பிடிக்கும் வேலை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை. அப்போது கணவருக்கு மாலை ஓய்வு. மாலையில் மனைவி சற்று உட்காரும்போது, கணவருக்குக் காலை அவசரம். நம் நேரம் 7.30-க்கு அவர் வேலையில் அமர வேண்டும். ஒருவர் ஓய்வு மற்றவர் அவசரத்தின் மேல் விழுகிறது. ‘நேரம் கிடைப்பதில்லை’ என்ற குறையின் வேர் இதுதான்.

இந்த இடைவெளியை நிரப்பப் பலர் செய்வது தூக்கத்தைக் குறைப்பது. கணவர் நள்ளிரவு 1 மணி வரை விழித்திருந்தால், மனைவியின் முற்பகல் 11.30 ஓய்வில் பேசலாம். ஆனால் உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அது இருக்கிறது. அதன் சுற்று 24 மணியைவிடச் சற்றே நீண்டது. காலை வெளிச்சம்தான் நாள்தோறும் அதைத் திருத்தி வைக்கிறது. இரவில் திரையின் ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்தால், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பது பிந்தும், உடற்கடிகாரமும் பிந்தும். உயிரணுக்களில் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாள்தோறும் ஒருவரே தூக்கத்தைக் கொடுத்து உறவைக் காத்தால், காலப்போக்கில் உடல் நலிவும் எரிச்சலும் மிஞ்சும்.

வழி உண்டா?

உண்டு. ஓய்வு வந்தபின் பேசுவோம் என்று காத்திராமல், வேலையைச் சேர்ந்து செய்வது ஒரு வழி. நம் காலை 6 மணி, கணவருக்கு முன்னிரவு 7.30. செல்பேசியை அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மனைவி தோசை வார்க்கலாம். கணவர் அங்கே இராச்சாப்பாடு சாப்பிடலாம். ஓயாமல் பேச வேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் நாளெல்லாம் பேசிக்கொண்டா இருக்கிறார்கள்? காலை 8.15-க்குப் பிள்ளை பள்ளிக்குப் புறப்படுவதைப் பார்த்துவிட்டு, இரவு 9.45-க்குத் தந்தை படுக்கப் போகலாம். இதில் யாருடைய தூக்கமும் கெடுவதில்லை.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நம் ஞாயிறு மாலை 5.30 முதல் இரவு 10 வரை, அங்கே ஞாயிறு காலை 7 முதல் 11.30 வரை. இருவருக்கும் ஒருசேர ஓய்வு கிடைக்கும் நாலரை மணி நேரம் இது. கணக்குப் பார்ப்பது, மனக்குறையைத் தீர்ப்பது, பெரிய முடிவு எடுப்பது எல்லாவற்றையும் இதற்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது. தூக்கம் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாள் வந்தால், அந்தச் செலவை முறை வைத்து இருவரும் ஏற்பதே நியாயம்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இப்படி யாரேனும் இருந்தால் நீங்களும் உதவலாம். ஒரு தாளில் 24 கட்டங்கள் வரையுங்கள். மேல் வரிசையில் நம் நேரம். கீழ் வரிசையில் அவர்கள் நேரம். தூங்கும் மணிக்குக் கறுப்பு, வேலை மணிக்குச் சிவப்பு, ஓய்வு மணிக்குப் பச்சை தீட்டுங்கள். பச்சைக்கு நேர் கீழே பச்சை எங்கே வருகிறது என்று தேடுங்கள். ஒரு கட்டம் கிடைத்தாலும் சரி, அத்தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும் மார்ச்சிலும் நவம்பரிலும் புதிதாக ஒன்று வரையுங்கள்.