இரு மகாயுத்தங்கள் கண்ட தளபதி பிறைபேர்க்

முதலாம் உலக மகாயுத்தம் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின் ஒருநாள், வின்ஸ்ரன் சேர்ச்சில் தம் நண்பர் ஒருவரிடம் அவருடைய காயங்களைக் காட்டும்படி கேட்டார். நண்பர் ஆடையைக் களைந்து நின்றார். சேர்ச்சில் எண்ணிப் பார்த்தபோது 27 தழும்புகள் காணப்பட்டன. ஒரு குண்டு உடலைத் துளைத்துச் சென்றால், புகுந்த இடத்தில் ஒன்றும் வெளிவந்த இடத்தில் ஒன்றுமாக இரு வடுக்கள் உண்டாகும் என்று நண்பர் அமைதியாக விளக்கம் கூறினாராம். அவர்தாம் நியூசிலாந்தின் புகழ்பெற்ற தளபதி பேணாட் பிறைபேர்க்.

1889இல் இங்கிலாந்திற் பிறந்த அவர், இரண்டு வயதுக் குழந்தையாக நியூசிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே நீச்சற் போட்டிகளில் வாகை சூடினார். பல் வைத்தியராகத் தொழில் புரிந்தார். 1914இல் போர் மூண்டதும் இங்கிலாந்து சென்று, கடற்படையினரைக் கொண்டு அமைக்கப்பட்ட தரைப்படைப் பிரிவிற் சேர்ந்தார்.

1915 ஏப்பிரில் மாதம். கலிப்பொலிக் குடாநாட்டிலே நேச நாட்டுப் படைகள் இறங்கவிருந்தன. துருக்கியரின் கவனத்தை வேறிடத்துக்குத் திருப்பும்பொருட்டு, சரோஸ் வளைகுடாக் கரையில் ஒரு சிறு குழுவினரை இறக்கி ஒளிச்சுடர் ஏற்றுவதென்று திட்டமிடப்பட்டது. அவ்வாறு இறங்குவோர் உயிர் தப்புவது அரிது எனக் கண்ட பிறைபேர்க், தாம் ஒருவரே நீந்திச் சென்று அக்காரியத்தை முடிப்பதாகக் கூறினார். உடலெங்கும் எண்ணெய் பூசிக்கொண்டு, நள்ளிரவில், குளிர்ந்த நீரில் ஏறத்தாழ 2 மைல் நீந்திக் கரை சேர்ந்தார். அங்கே சுடர்களை ஏற்றிவிட்டு மீண்டும் கடலிற் பாய்ந்தார். நெடுநேரம் கழித்தே படகினர் அவரைக் கண்டெடுத்தனர். பலருடைய உயிருக்கு ஈடாகத் தம் ஒருவர் உயிரை முன்வைத்த இச்செயலுக்கு டீ.எஸ்.ஓ. விருது கிடைத்தது.

1916 நவம்பரில் பிரான்சிலே போக்கூர் என்னும் கிராமத்தைக் கைப்பற்றிய போரில், காயத்தின்மேற் காயம் பட்டும், இறுதிக் கட்டளைகளைக் கொடுத்து முடிக்கும்வரை களத்தைவிட்டு அகல மறுத்தார். விக்டோரியாச் சிலுவை அவரைத் தேடி வந்தது. ஆனால் அந்த யுத்தம் அவருடைய சகோதரர் இருவரைப் பலிகொண்டது. வீரத்தின் விலை யாது என்பதை அவர் தம் குடும்பத்திலேயே அறிந்தார்.

1939இல் இரண்டாம் மகாயுத்தம் தொடங்கியபோது, நியூசிலாந்துப் படையின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறக்குறைய 16 இலட்சம் மக்களே வாழ்ந்த சிறு நாடு அது. ஆகவே, வேண்டும்போது தம் அரசாங்கத்துடன் நேரே தொடர்புகொள்ளும் உரிமை அவருக்கு வழங்கப்பட்டது. மேலதிகாரியாயினும், நியூசிலாந்து வீரரைத் தம் விருப்பம்போற் சிதறடித்துப் பயன்படுத்தல் இயலாது.

எனினும், தனியொருவரின் துணிவு வேறு, ஆயிரம் பேரை நடத்தும் பொறுப்பு வேறு என்பதை 1941 மே மாதம் கிறீற் தீவு காட்டியது. ஜேர்மானியப் பரசூட் படையினர் வானிலிருந்து இறங்கினர். தாக்குதல் கடல்வழியாகவும் வரும் என்ற எண்ணம் பிறைபேர்க்கின் மனத்தில் இருந்தது. மலேமே விமானத்தளம் கைநழுவியது; அதனுடன் தீவும் போயிற்று. ஏறத்தாழ 12,000 வீரர் சிறைப்பட்டனர். ஜேர்மானியர் அடைந்த இழப்போ மிகப் பெரிது. அதன்பின் அத்தகைய பெரும் வான்வழித் தாக்குதலை ஹிட்லர் மேற்கொள்ளவில்லை.

இதனினும் கடினமான சோதனை 1944இல் இத்தாலியிலே, கசினோ மலையடியில் நேர்ந்தது. மலையுச்சியில் 6ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட மடாலயம் நின்றது. அதன் கீழே அவருடைய தலைமையின்கீழ் நியூசிலாந்து வீரரும் இந்திய 4ஆம் படைப்பிரிவினரும் நின்றனர். மடாலயம் தகர்க்கப்படாவிடின் தம் வீரர் வீணே மடிவர் என்று அவர் கருதினார். குண்டு வீசும்படி கேட்டார். மேலிடமும் இசைந்தது. பெப்ரவரி 15ஆம் நாள் மடாலயம் இடிந்தது. உள்ளே ஜேர்மானியப் படை இருக்கவில்லை. புகலடைந்திருந்த பொதுமக்களே மாண்டனர். பின்னர் அவ்விடிபாடுகளே பகைவருக்கு அரணாயின. மார்ச் மாதத்தில் மீண்டும் தாக்கியும் மலை வீழவில்லை. அத்தாக்குதல் 23ஆம் நாள் நிறுத்தப்பட்டது.

தம் வீரரைக் காக்க எண்ணி எடுத்த முடிவு, பிறர் உயிரை வாங்கியும் தம் வீரரைக் காக்கவில்லை. இம்முடிவு பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. பிறைபேர்க்கின் வாழ்வைக் கூறுவோர், சரோஸ் வளைகுடாவை நீந்தியவரையும் கசினோவில் ஆணை கேட்டவரையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்.

1946 முதல் 1952 வரை அவர் நியூசிலாந்தின் மகாதேசாதிபதியாக விளங்கினார். 1963 யூலை 4ஆம் நாள், பழைய யுத்தக் காயங்களுள் ஒன்று உள்ளே உடைந்தமையால், இங்கிலாந்தின் வின்சரிற் காலமானார்.