கூரையைப் பிரிச்சு வர்ற விருந்தாளி!

விடிகாலையில் ஆட்டுப்பட்டியைத் திறக்கிறீர்கள். நேற்று ராத்திரி அடைத்த ஆடுகளில் பாதி செத்துக் கிடக்கிறது. மூலையில், தின்ற மயக்கத்தில் ஒரு பனிச்சிறுத்தை! என்ன பண்ணுவீங்க பாஸ்?

லடாக் மேய்ப்பர்கள் ஒரு காலத்தில் கல்லைத்தான் எடுத்தார்கள். அடித்தே கொன்றதும் உண்டு. வருஷம் பூரா வளர்த்தது ஒரே ராத்திரியில் போச்சுன்னா யாருக்குத்தான் கோபம் வராது?

மங்கோலியா, ரஷ்யா, சீனா, நேபாளம், பூடான் என்று 12 நாடுகளில் பரந்து கிடக்கிறது இதன் வீடு. விசா, பாஸ்போர்ட் எதுவும் கிடையாது! இந்தியாவில் 2019 முதல் 2023 வரை ஆறு மாநில, யூனியன் பிரதேசங்களில் தேடித் தேடிக் கணக்கெடுத்தார்கள். 2024 ஜனவரியில் ரிசல்ட் வந்தது. மொத்தம் 718. அதில் லடாக்கில் மட்டும் 477!

பெயரைப் பார்த்து, எப்பவும் பனியிலேயே புரளும்னு நினைச்சுடாதீங்க. லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். 3,000 மீட்டருக்கு மேலே, மரமே இல்லாத பாறைச் சரிவுதான் நம்ம ஆளோட ஏரியா. சாம்பல் நிற உடம்பு பாறையோடு பாறையாகக் கலந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வால், செங்குத்துச் சரிவில் பேலன்ஸ் பண்ண உதவும். தூங்கும்போது அதுவே மஃப்ளர்! புலி, சிங்கம் மாதிரி கர்ஜிக்க மட்டும் வராது.

பரல் என்கிற மலை ஆடும், ஐபெக்ஸும்தான் இதற்குப் பிடித்த மெனு. அவை மேயும் அதே சரிவில்தான் ஊர் ஆடுகளும் மேய்கின்றன. சிக்கலே அங்கேதான். பட்டியின் கூரை ஓட்டை வழியே உள்ளே குதித்தால், ஆடுகள் மிரண்டு ஓட ஓட, கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் ரின்சென் வாங்சுக், லடாக்காரர். 2011இல் காலமாகிவிட்டார். அவரும் நண்பர்களும் கையில் எடுத்தது ரொம்ப சிம்பிள் ஐடியா. பட்டியின் கூரைக்குக் கம்பி வலை, வாசலுக்கு உறுதியான கதவு. கூடவே, சிறுத்தையைப் பார்க்க வருகிறவர்களைக் கிராமத்து வீடுகளிலேயே தங்க வைத்தார்கள். வாடகை அந்த வீட்டுப் பெண்கள் கைக்கே போனது. ஆட்டைத் தின்ற அதே மிருகம், இப்போது வருமானம் தருகிறது!

ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் கிராமம் இதில் ரொம்ப ஃபேமஸ். பரல் கூட்டம் கீழே இறங்கும் குளிர்காலம்தான் சீஸன். ராத்திரியில் மைனஸ் 20 டிகிரி சர்வசாதாரணம். ஒரு வாரம் தொலைநோக்கியோடு உட்கார்ந்தும் வால் நுனிகூடத் தெரியாமல் திரும்பினவங்க உண்டு. அந்த வீட்டம்மா வெண்ணெய் டீ நீட்டுவாங்க. உப்பு கரிக்கும். முகம் சுளிக்காம குடிச்சுடுங்க!