வேரினுள் வாழும் பூசணங்களை இனமறிதல்

பெரும்பாலான பயிர்களின் வேர்களில் வேர் உட்பூசணம் என்பது குடியிருக்கின்றது. இது நோய் செய்வதன்று. வேர் எட்டாத மண்ணிலுள்ள மணிச்சத்தை இழைகளால் ஈர்த்துப் பயிருக்கு அளித்து, அதற்கு ஈடாகச் சர்க்கரையைப் பெறுகின்றது.

ஒரு நிலத்தில் எவ்வெவ்வினங்கள் உள்ளனவென்று அறிய, மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் வடித்து, வித்துக்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணுவது வழக்கம். இம்முறை முற்றும் நம்பத்தக்கதன்று. வித்தை மிகுதியாக விடும் இனமே வேரிலும் மிகுந்திருக்கும் என்று கொள்ளவியலாது. வேருக்குச் சாயமேற்றிப் பார்த்தாலோ, இழைகள் யாவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகவே இப்போது வேரிலிருந்தே டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்கின்றனர். அதில் பூசணத்துக்குரிய சிறு பகுதியை மட்டும் பி.சி.ஆர். முறையால் கோடிக்கணக்கிற் பெருக்கி, அதன் வரிசையைப் படித்து, முன்னரே பதிவான வரிசைகளோடு ஒத்துப்பார்த்து இனத்தைத் துணிகின்றனர். புல எண்ணைக் கொண்டு அடங்கலில் பட்டாதாரைக் காண்பது போன்றதே இது; பதிவாகாத இனமாயின் பெயர் கிட்டாது.

இங்கிலாந்தில் இவ்வாறு ஆராய்ந்து 1998-ல் வெளியிட்ட முடிவின்படி, காட்டுச் செடிகளின் வேர்களில் பல இனங்கள் இருந்தன; உழவு வயல்களிலோ மிகச் சிலவே, அவற்றுள்ளும் ஒன்றே மேலோங்கியிருந்தது. அடிக்கடி உழுவதால் இழைவலை அறுபடுவது இதற்கொரு காரணமாகலாம்.

விலைகொடுத்து வாங்கியிட்ட பூசணம் வேரிற் குடியேறிற்றா, முன்பிருந்ததே நிலைத்ததா என்பதையும், இரண்டின் வரிசைகளும் வேறாயின், இம்முறையால் அறியலாம். விவசாயிக்கு முக்கியமான பயன் இதுவே. மகசூல் கூடுமா என்பதை மட்டும் வயற்சோதனையே சொல்லும். மாதிரி எடுக்க வருவோருக்கு, வயலின் பலவிடங்களில் மெல்லிய வேர்களைத் தோண்ட இடங்கொடுப்பதோடு, கடந்த போகங்களில் இட்ட சூப்பர் பாஸ்பேட்டின் கணக்கையும் தருதல் வேண்டும். மணிச்சத்து மிகுந்த நிலத்தில் இப்பூசணம் வேரிற் குறைந்தே காணப்படும்.