கைபேசிச் செயலியும் நம் கடைக்காரரும்



நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் சிலர் இன்று கல்லாவில் உட்கார மனமின்றி, ‘ஸ்டார்ட்அப்’ எனப்படும் புதுத் தொழில் தொடங்கப் போவதாகச் சொல்கிறார்கள். வேறு சில இளைஞர்கள் நம் கடை தேடி வந்து, ஆர்டர் எடுக்கச் செயலி செய்து தருவதாகச் சொல்கிறார்கள். இவ்விரு தரப்பாரும் அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதை நாம் பணம் கொடுத்துக் கற்றோம். மற்றவர்களுக்காவது செலவில்லாமல் கிடைக்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

எங்கள் மொத்தக் கடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செயலி செய்யச் சொன்னோம். செய்தவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள்தாம். எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து சரக்குப் பட்டியலை வாங்கிப் போனார்கள். இரண்டு மாதத்தில் முடித்தும் கொடுத்தார்கள். பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் சில்லறைக் கடைக்காரர்கள் சில நாள் தொட்டுப் பார்த்துவிட்டுப் பழையபடி போனுக்கே திரும்பிவிட்டார்கள்.

அதோடு போகவில்லை. இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், துவரம்பருப்பு 10 கிலோ வேண்டி 10 என்று அழுத்தியிருக்கிறார். செயலியில் அது மூட்டைக் கணக்கு. கணக்கப்பிள்ளை கண்ணில் பட்டிருந்தால் உடனே பிடித்திருப்பார். செயலி வழியாக வந்ததால் சீட்டு நேரே கிடங்குக்குப் போய்விட்டது. வண்டி போய் 10 மூட்டையை இறக்கியதும், “நான் இதைக் கேட்கவே இல்லையே அண்ணாச்சி” என்று போனில் பதறினார். “நீங்கள் அழுத்தியது அப்படித்தானே இருக்கிறது” என்றோம். சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அவர் வரத்து நின்றுவிட்டது.

தவறு யாருடையது?

அழுத்தியவர் தவறு என்றே நாமும் அன்று நினைத்தோம். இத்துறை அறிஞர்கள் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-ல் எழுதிய நூலில் வற்புறுத்துவது இதுதான்: ஒரு பொருளைக் கையாள்வதில் பலரும் தடுமாறினால், குறை பொருளின் அமைப்பில் இருக்கிறது, மனிதரிடம் இல்லை. பயன்படுத்துபவரின் வேலை, பழக்கம், இடம், நேரம் ஆகியவற்றை முதலில் அறிந்து, அதற்கேற்பப் பொருளை அமைப்பதே ‘பயனர் மைய வடிவமைப்பு’. பெயர்தான் புதிது. எந்தத் தெருவில் எந்தச் சரக்கு போகும் என்று பார்த்துக் கொள்முதல் செய்யும் நமக்கு இதன் சூத்திரம் புதிதல்ல.

கலிபோர்னியாவில் நடந்தது

ஸ்காட் குக் என்பவரும் டாம் புரூ என்பவரும் 1983-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘இன்ட்யூட்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வீட்டு வரவு செலவு எழுத ‘குவிக்கன்’ என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். கணினித் திரையிலேயே காசோலைப் புத்தகம் போன்ற வடிவத்தைக் காட்டினார்கள். மக்களின் கைக்குப் பழகியது அதுதான். பிறகு, மென்பொருள் வாங்கியவரிடம் அனுமதி கேட்டு, அவர் வீட்டுக்கே நிறுவன ஊழியர்கள் போனார்கள். அவர் அதைப் பிரித்துக் கணினியில் ஏற்றிப் பயன்படுத்துவதை ஓரமாக இருந்து பார்த்தார்கள். எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொண்டார்கள்.

இப்படி வாடிக்கையாளரைக் கவனித்ததில் ஒரு புதிய சங்கதி தெரிந்தது. வீட்டுக்கென்று செய்த மென்பொருளைச் சிறு வியாபாரிகள் பலர் தொழில் கணக்குக்கு வைத்திருந்தார்கள். கணக்கியல் படித்தவர்களுக்கான மென்பொருள்களும் பற்று வரவு நுணுக்கமும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அவர்களுக்காகவே 1992-ல் ‘குவிக்புக்ஸ்’ வந்தது. அறைக்குள் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தச் சந்தை கண்ணில் பட்டிருக்காது.

நம் கண் முன்னேயும் சான்று உண்டு. 2016-ல் யூ.பி.ஐ. வந்த பின் வாடிக்கையாளர் செலுத்தும் பணம் குறுஞ்செய்தியில் தெரிந்தது. ஒரு கை தராசிலும் மறு கை பொட்டலத்திலும் இருப்பவர் எப்போது போனைப் பார்ப்பது? கூட்ட நேரத்தில் பொய்த் திரையைக் காட்டி ஏமாற்றுவாரும் உண்டு. தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. கடைக்காரரின் கண்ணுக்கு வேலை இருக்கிறது, காது சும்மா இருக்கிறது என்று கவனித்ததன் பலன் அது.

இரண்டாம் முறை செய்தது

அடுத்து வந்த இளம்பெண், பட்டியல் எதுவும் கேட்கவில்லை. “ஐயா, உங்கள் வாடிக்கையாளர் கடைகளில் சில நாள் உட்கார அனுமதி வாங்கித் தாருங்கள்” என்றார். போய் வந்து சொன்னவை இவை: ஆர்டர் எழுதுவது இரவு கடை சாத்தும் நேரத்தில், பாதிக் கடைகளில் எழுதுவது மனைவி அல்லது மகன், “போன வாரம் மாதிரியே, சீனி மட்டும் கூட ஒரு மூட்டை” என்பதே பேச்சு, பழைய பாக்கி எவ்வளவு என்று தெரியாமல் புதுச் சரக்கு எழுத யாரும் துணிவதில்லை.

பிறகு காகிதத்தில் திரைகளை வரைந்து, ஐந்து கடைக்காரர்களிடம் காட்டி விரலால் தொடச் சொன்னார். தடுமாறிய இடங்களைத் திருத்தி மீண்டும் காட்டினார். ஐந்து பேரிடம் சோதித்துத் திருத்துவது, பிறகு மறுபடி சோதிப்பது என்ற முறையை ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ல் எழுதியிருக்கிறார். காகிதத்தில் அழிப்பதற்குச் செலவில்லை. முடித்த செயலியைப் பிரித்துக் கட்டினால்தான் செலவு.

இப்போதைய செயலியைத் திறந்ததும் பாக்கியும் போன வார ஆர்டரும் தெரியும். 10 மூட்டை என்று அழுத்தினால் “500 கிலோ, சரியா?” என்று கேட்கும்.

செயலிக்குப் பணம் கொடுக்குமுன் உறுப்பினர்கள் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தீர்கள்? யாரிடம் சோதித்தீர்கள்? தவறாக அழுத்தினால் மாற்ற வழி என்ன? கடைக்காரர் குறை சொன்னால் எத்தனை நாளில் திருத்துவீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால் முன்பணம் கொடுக்க வேண்டாம். தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கும் இதே கேள்விகள்தாம்.

அந்தக் கிராமத்துக் கடைக்கு நேரில் போய், “தப்பு எங்கள் பக்கம்தான்” என்று சொல்லி வந்தோம். இப்போது சரக்கு எடுக்கிறார். செயலியை மட்டும் தொடுவதில்லை, போனில்தான் சொல்கிறார். கணக்கப்பிள்ளை அதைச் செயலியில் ஏற்றிக்கொள்கிறார். அவருக்கு வசதி அதுவென்றால், எங்களுக்கும் அதுவே முறை.