பழைய ஆப் இன்னும் எங்கேயோ ஓடிக்கிட்டிருக்கு

இந்த வார எபிசோட்ல ஏபிஐ வெர்ஷன் பத்திப் பேசுறப்போ, "நானும் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அந்தக் கதை இதுதான்.

சில வருஷங்களுக்கு முன், இங்கே மெல்போர்னில் ஒரு டெலிவரி கம்பெனிக்கு வேலை பார்த்தேன். சர்வர் அனுப்பும் பதிலில் 'அட்ரஸ்' ஒரே வரியாக இருந்தது. அதைக் கதவு எண், தெரு, போஸ்ட்கோடு என்று பிரித்தேன். ஃபீல்டின் பெயர் அதேதான், உள்ளே இருக்கும் வடிவம்தான் வேறு. புது ஆப்பில் டெஸ்ட் எல்லாம் பாஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் (திட்டாதீங்க) டிப்ளாய் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சனிக்கிழமை காலையில் டிரைவர்கள் கையில் ஆப் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. அந்த போன்களில் யாரும் அப்டேட் போட்டதே இல்லை. சர்வரைப் பத்து நிமிஷத்தில் பழையபடி மாற்றிவிட்டேன். அடுத்தவர் கையில் இருக்கும் ஆப்பை அப்படி மாற்ற முடியுமா?

இப்போதெல்லாம் பழைய 'அட்ரஸ்' மேல் கை வைக்கிறதில்லை. பக்கத்திலேயே புதுப் பெயரில் இன்னொரு ஃபீல்டு சேர்த்து, இரண்டையும் அனுப்புவேன். புதுசாகச் சேர்ப்பதால் பெரும்பாலும் எதுவும் உடையாது. எடுக்கும்போதுதான் வம்பு.

ஸ்ட்ரைப் இதில் ரொம்ப தூரம் போகிறது. முதல் தடவை அழைத்தபோது இருந்த வெர்ஷனிலேயே உங்கள் கணக்கை நிறுத்தி வைக்கும்; நீங்களாக மாற்றும்வரை அதே வடிவத்தில்தான் பதில் வரும். ஆனா உள்ளே எல்லாப் பழைய வடிவத்தையும் கட்டிக் காக்கணும். மூணு பேர் இருக்கிற டீமுக்கு அது கட்டுப்படியாகாது.

சரி, பழையதை எப்போ எடுக்கிறது? மெயில் போட்டா யாரும் படிக்கிறதில்லை. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடும் ஆப் தன் வெர்ஷனைச் சொல்லட்டும், அதை லாக் பண்ணுங்க. யார் பாக்கின்னு அதிலேயே தெரிஞ்சுடும். கிட்ஹப் இன்னொரு வழியும் காட்டியது. கிட் வேலைகளுக்கு பாஸ்வேர்டை 2021 ஆகஸ்ட் 13-ல் நிறுத்தினார்கள். அதற்கு முன்பே ஜூன் 30, ஜூலை 28 தேதிகளில் கொஞ்ச நேரம் வேணும்னே நிறுத்தி, திரும்பத் திறந்தார்கள். நம்ம ஊர் பவர் கட் மாதிரிதான், பேரே 'பிரவுன்அவுட்'! அறிவிப்பைப் பார்க்காதவங்களுக்கும் அன்னைக்குத் தெரிஞ்சிருக்கும்.

நாங்களும் அப்படியே செய்தோம். லாக்ல கடைசியா ஒரே ஒரு பழைய ஆப் மிச்சம். எந்த டிரைவர்னு தேடினா, டிரைவரே இல்லை. கிடங்குச் சுவரில் மாட்டியிருந்த டேப்லெட்.